உதவி: ஃபிம்ஹெச் புரதம் கிடைக்கிறது, ஆனால் மன்னோஸில் ஒட்டவே இல்லை

கேள்வி (பெலட்_ராணி): சிறுநீர்த் தொற்று உண்டாக்கும் ஈ. கோலையின் ஃபிம்ஹெச் ஒட்டுப் புரதம் வேண்டும். முழு நீள ஜீன், பெட்28 வெக்டர் (ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்), முன்பக்கம் ஹிஸ் டேக் (நிக்கலில் பிடித்துப் பிரிக்க உதவும் சிறு துண்டு), புரதம் தயாரிக்கும் ஈ. கோலை ஸ்ட்ரெயின் பிஎல்21 (டிஇ3), 37 டிகிரி. புரதமெல்லாம் பெலட்டில்தான், அதாவது கரையாமல் அடியில் படிந்துவிடுகிறது. 18 டிகிரிக்கு இறக்கியும் அதே கதை. யூரியாவில் கரைத்து மெதுவாக டயாலிசிஸ் செய்து (சவ்வுப் பை வழியே யூரியாவை வெளியேற்றி) மறுபடி மடிய விட்டால் கொஞ்சம் தேறுகிறது, ஜெல்லில் பட்டையும் அழகாக இருக்கிறது, ஆனால் மன்னோஸ் சர்க்கரை பிணைத்த பிரிப்புக் குழாயில் (காலம்) ஊற்றினால் அப்படியே வழிந்து போய்விடுகிறது. சைட்டோபிளாசத்திலேயே டைசல்ஃபைடு (கந்தகப் பிணைப்பு) உருவாக்கும் ஷஃபிள் என்ற ஈ. கோலை ஸ்ட்ரெயினுக்கு மாறட்டுமா?

பதில் (இழைமுடி): வெப்பநிலையைக் குறைத்து இது சரியாகாதுங்க. ஃபிம்ஹெச்சின் பின்பாதி, அதாவது பிலின் பகுதி, தன்னளவில் முழுமையில்லாதது. அதன் மடிப்பில் கடைசி பீட்டா இழை கிடையாது, பெரிபிளாசத்தில் (பாக்டீரியாவின் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட இடம்) ஃபிம்சி என்ற சாப்பரோன், அதாவது மடிய உதவும் புரதம், தன் இழையைச் செருகித் தாங்குகிறது, 1999இல் வந்த படிக அமைப்பிலேயே இது தெரிந்துவிட்டது. துணை இல்லாவிட்டால் திரளும், அல்லது டெக்பி என்ற புரோட்டியேஸ் (புரதம் வெட்டும் நொதி) தின்றுவிடும். ஃபிம்சியையும் சேர்த்து எக்ஸ்பிரஸ் செய்யுங்கள். சர்க்கரை ஒட்டுவது மட்டும் போதுமென்றால் பின்பாதியை வெட்டிவிட்டு 1 முதல் 158 வரையுள்ள அமினோ அமிலங்கள் கொண்ட லெக்டின் பகுதியை (சர்க்கரையைப் பிடிக்கும் முன்பாதி) மட்டும் எடுங்கள், அது தனியாகவே நன்றாக மடியும்.

பதில் (ஜெல்_மாமா): மேலே சொன்னது சரி, ஆனால் ஒட்டாததற்குக் காரணம் அந்த முன்பக்க டேக்தான் என்று அடித்துச் சொல்வேன். சிக்னல் பெப்டைடு (புரதத்தைப் பெரிபிளாசத்துக்கு அனுப்பும் முன்துண்டு) வெட்டுப்பட்ட பிறகு முதலில் நிற்கும் ஃபீனைல்அலனினின் அமினோ முனையே மன்னோஸைப் பிடிக்கிறது, அதன் முன்னால் எதை ஒட்டவைத்தாலும் பை அடைபட்டுவிடும். ஷஃபிளும் இதற்கு உதவாது. 3, 44ஆம் சிஸ்டீன்களுக்கு இடையிலான டைசல்ஃபைடு அதில் உருவாகும், சரி, ஆனால் சைட்டோபிளாசத்தில் செய்த புரதத்தின் தலையில் மெத்தியோனின் உட்கார்ந்திருக்கும், அடுத்து ஃபீனைல்அலனின் போல பெரிய அமினோ அமிலம் வந்தால் செல் அதை வெட்டாது. சிக்னல் பெப்டைடோடு பெரிபிளாசத்துக்கே அனுப்புங்கள், டேக்கை வால்பக்கம் வையுங்கள்.

பெலட்_ராணி: ஓ, அப்போ ரீஃபோல்ட் செய்ததெல்லாம் வீண்தானா! லெக்டின் பகுதி கிடைத்ததும் ஈஸ்ட் திரட்சி சோதனை போதுமா அண்ணா?

ஜெல்_மாமா: போதாதும்மா. ஒற்றை மூலக்கூறுக்கு ஒரே ஒரு பிடிதான், இரண்டு ஈஸ்ட் செல்லை எப்படி இணைக்கும்? மன்னோஸ் ஏற்றிய பிஎஸ்ஏவைத் (மாட்டு அல்புமின் புரதம்) தட்டில் பூசி எலைசா (ஒட்டிய புரதத்தை ஆன்டிபாடியால் அளக்கும் சோதனை) செய், மன்னோஸுக்குப் போட்டியாக மெத்தில் மன்னோசைடு சேர்த்தால் சிக்னல் குறைகிறதா என்றும் பார். அப்புறம் ஒன்று, பெரிபிளாசப் புரதத்தை வெளியே எடுக்கும் ஆஸ்மாடிக் ஷாக் பஃபரில் ஈடிடிஏ (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) இருக்கும், டயாலிசிஸ் செய்யாமல் நேராக நிக்கல் பிரிப்புக் குழாயில் ஏற்றினால் நிக்கலையும் சேர்த்து உருவிக்கொண்டு போய்விடும்.