தளப்பொருள் செறிவு மைனஸில் போகிறது. கடைசிப் பகுதி தரவோடும் ஒட்டவில்லை

கேட்டவர்:
வணக்கம். நொதி வினையில் தளப்பொருளின் (நொதி மாற்றும் பொருள்) செறிவு நேரத்தோடு குறைவதைப் பைத்தானில் நொதி வினை வேகத்துக்கான மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாட்டை வைத்துக் கணிக்கிறேன். தொடக்கச் செறிவு 200 மைக்ரோமோலார், கே-எம் (வேகம் உச்சத்தில் பாதியாகும் செறிவு) 20, வி-மேக்ஸ் (உச்ச வேகம்) நிமிடத்துக்கு 30. ஆய்லர் முறை (நேரத்தைச் சிறு படிகளாக வெட்டிக் கணிப்பது), படி 1 நிமிடம். 8-ஆவது நிமிடம் வரை நன்றாக வருகிறது. 9-இல் −0.5, பிறகு +0.3, −0.1 என்று ஊசலாடுகிறது. செறிவு எப்படி மைனஸில் போகும்? இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

பதில் 1:
சமன்பாட்டில் தப்பில்லை, படிதான் பெரிது. ஒரு படியில் நீங்கள் கழிக்கும் அளவு, படி × வி-மேக்ஸ் × செறிவு ÷ (கே-எம் + செறிவு). படி × வி-மேக்ஸ் உங்களுக்கு 30. செறிவு 10-க்குக் கீழே வந்ததும் கே-எம் + செறிவு 30-ஐ விடக் குறைந்துவிடுகிறது. அதாவது இருப்பதை விட அதிகமாகக் கழிக்கிறீர்கள். படியை 0.01 ஆக்குங்கள், அல்லது சைபையில் (பைத்தானின் அறிவியல் கணக்கு நூலகம்) இருக்கும் சமன்பாட்டுத் தீர்ப்பானிடம் விட்டுவிடுங்கள்.

சரிபார்க்கத் தொகையிட்ட வடிவம் இருக்கிறது:
வி-மேக்ஸ் × நேரம் = (தொடக்கச் செறிவு − செறிவு) + கே-எம் × இயல் மடக்கை (தொடக்கச் செறிவு ÷ செறிவு)
இதன்படி 9-ஆவது நிமிடத்தில் 4.8 வரவேண்டும்.

கேட்டவர்:
4.8 வந்துவிட்டது, மிக்க நன்றி! ஆனால் 10-ஆவது நிமிடத்தில் கணிப்பு 1.3, ஆய்வகத்தில் அளந்தது 16. முதல் இரண்டு நிமிடம் ஓரளவு ஒட்டுகிறது, போகப்போக விலகல் கூடுகிறது. கே-எம்மை ஏற்றிப் பொருத்திவிடலாமா?

பதில் 2:
தயவுசெய்து வேண்டாம். கோடு ஒட்டும், எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. நொதி செயலிழக்கிறதா, விளைபொருள் தடுக்கிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். 1965-இல் உயிர்வேதியியலாளர் செல்வின் சொன்ன சோதனை இதற்குத்தான்: நொதியை இரட்டிப்பாக்கி ஓட்டுங்கள். 5 நிமிடத்திலேயே 16-க்கு வந்தால் நொதி நலமாக இருக்கிறது. அதைவிடக் கீழே போனால் முதல் ஓட்டத்தில் நொதி இடையிலேயே செயலிழந்திருக்கிறது.

விளைபொருள்தான் காரணம் என்றால், சமன்பாட்டில் வகுக்கும் பகுதியில் உள்ள கே-எம்மை (1 + விளைபொருள் ÷ கே-ஐ) ஆல் பெருக்குங்கள். கே-ஐ என்பது தடுப்பு மாறிலி, சிறிதாக இருந்தால் தடுப்பு வலுவானது. விளைபொருள் என்பது தொடக்கச் செறிவில் குறைந்த அளவுதான். விளைபொருள் நொதியில் தளப்பொருளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் போட்டித் தடுப்புக்கான வடிவம் இது. உறுதிசெய்ய விளைபொருளை முதலிலேயே சேர்த்து ஆரம்ப வேகத்தை அளவிடுங்கள். ஆனால் தளப்பொருளை 200-இல் வைத்துப் பார்க்காதீர்கள், அங்கே தடுப்பு கண்ணிலேயே படாது. 20-இல் வையுங்கள்.

இன்னொன்று: ஒரே வளைகோட்டிலிருந்து கே-எம், கே-ஐ இரண்டையும் பிடுங்க முடியாது. இரண்டும் சமமாக இருந்தால் வளைகோடு முழுவதும் வெறும் முதல் வகை வினை (வேகம் செறிவுக்கு நேர்விகிதம்) போலவே தெரியும்!

கேட்டவர்:
செய்துபார்த்தேன். இரட்டிப்பு நொதியில் 5-ஆவது நிமிடம் 16. தளப்பொருள் 20-இல் 100 மைக்ரோமோலார் விளைபொருள் சேர்த்ததும் ஆரம்ப வேகம் 15-இலிருந்து 10-க்கு இறங்கியது. அப்படியானால் கே-ஐ 100. அதைப் போட்டால் 10-ஆவது நிமிடத்துக்குக் கணிப்பு 15.7! அடுத்து 50, 100, 200 மூன்று தொடக்கச் செறிவுகளின் வளைகோடுகளையும் சேர்த்துப் பொருத்தப்போகிறேன்.