தென்னாப்பிரிக்க டர்பன் வெயிலில் ஃபியூஷியா பூச்செடி: தொங்கு தொட்டி வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
இங்கே வசந்தம் தொடங்கும் செப்டம்பரில் நர்சரிப் பக்கம் போனால் ஃபியூஷியாவைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பி வர முடியாது. அதுவும் ஸ்விங்டைம் ரகம், சிவப்புப் புல்லிக்குள் (வெளி இதழ்) வெள்ளைப் பாவாடை விரித்த மாதிரி அடுக்கிதழ். ஸ்டூப்பில் (வீட்டு முன் திண்ணை) மாட்டி வைப்பார்கள், கிறிஸ்துமஸ் வருவதற்குள் வெறும் குச்சிதான் நிற்கும். எங்கள் தெருவில் இது வருடா வருடம் நடப்பதுதான்.

தண்ணீர் போதாமல் செத்தது என்பார்கள். பெரும்பாலும் தண்ணீர் கூடித்தான் சாகிறது. வெயில் 30 டிகிரியைத் தாண்டினால், மண் ஈரமாக இருந்தாலும் இலை துவண்டுவிடும். இலை இழக்கிற வேகத்துக்கு வேரால் தண்ணீர் ஏற்றிக் கொடுக்க முடிவதில்லை. அதைப் பார்த்து மனசு கேட்காமல் இன்னொரு சொம்பு ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிப் போகும். நான் முதலில் மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பேன். ஈரம் தட்டினால் ஊற்றவே மாட்டேன், தொட்டியைக் கழற்றி மாமரத்து நிழலில் மாட்டிவிடுவேன். பொழுது சாய்வதற்குள் இலை நிமிர்ந்துவிடும். மறுநாள் காலையிலும் நிமிரவில்லை என்றால் வேர் போய்விட்டது என்று அர்த்தம்.

என்னைக் கேட்டால், கடலோரத்தில் இது குளிர்காலத்துச் செடி. ஈஸ்டரில் ஐசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்து வெயில் தணிந்த பிறகு கன்று வைத்தால் வசந்தம் முழுக்கப் பூ பார்க்கலாம். கோடை உச்சமான ஜனவரி, பிப்ரவரியில் பூவை எதிர்பார்க்காதீர்கள், செடி உயிரோடு இருந்தால் போதும்.

ஹோவிக்கிலிருந்து:
அக்கா, நாங்கள் இருப்பது 1000 மீட்டருக்கு மேலே, கோடை எங்களுக்குத் தொல்லையே இல்லை. எங்களுக்கு எமன் பெர்க் காற்று. ஆகஸ்டில் விடியற்காலை புல்லெல்லாம் உறைபனி, அன்றைக்கு மதியமே மலையிலிருந்து அனல் காற்று இறங்கும். தொங்கு தொட்டிக்கு நாலு பக்கமும் காற்று படுவதால் தென்னை நார் விரிப்பு சீக்கிரம் முறுகக் காய்ந்துவிடுகிறது. அப்படிக் காய்ந்த பிறகு மேலே ஊற்றிப் பயன் இல்லை, தண்ணீர் ஓரமாக வழிந்து கீழே சொட்டும், நடு மண் தூளாகவே கிடக்கும். தொட்டியோடு வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி நிற்கும் வரை பிடித்திருக்க வேண்டும். பெர்க் காற்று வரும் என்று தெரிந்தால் முன்னாடியே இறக்கித் தரையில் சுவரோரம் வைத்துவிடுவேன்.

இன்னொன்று, உறைபனி ஓயும் முன் கிளையை வெட்டாதீர்கள். புதுக் கொழுந்து கருகிவிடும்.

டர்பன் பீனிக்ஸிலிருந்து:
குரங்கைப் பற்றி யாருமே பேசவில்லையே! எங்கள் வீட்டில் மொட்டையும் பழத்தையும் பறித்துத் தின்றுவிட்டுத் தொட்டியை ஊஞ்சலாக்கி ஆடிவிட்டுப் போகும். பழம் மனிதர்களும் சாப்பிடக்கூடியதுதான், சில ரகத்தில் லேசான இனிப்பு இருக்கும். பழத்தை விட்டு வைத்தால் பூ குறையும் என்பதால் நான் வாடிய பூவைக் காம்போடு கிள்ளிவிடுகிறேன். பழம் இல்லை என்றான பிறகு குரங்கு வரத்தும் குறைந்திருக்கிறது.

தேன்சிட்டு மட்டும் தாராளமாக வரட்டும். தென் அமெரிக்காவில் இந்தப் பூவுக்கு வருகிற ஹம்மிங் பறவை அந்தரத்தில் நின்றபடி குடிக்கும். நம் தேன்சிட்டு தொட்டிக் கம்பியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, கழுத்தை வளைத்துப் பூவுக்குள் அலகை விடுகிறது. ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு பூ உதிரும். உதிரட்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
என் செடியில் இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடி மாதிரி இருக்கிறது. மேலே மஞ்சள் புள்ளி. பூச்சியா அக்கா?

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
பூச்சி இல்லைம்மா, துரு நோய், பூஞ்சைதான். வேப்பெண்ணெய் வெள்ளை ஈக்கு உதவும், இதற்கு அதை நம்பி உட்காராதே. அந்த இலைகளைக் கிள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போடு, உரக்குழியில் போடாதே. தண்ணீரைக் காலையில் மண்ணுக்கு மட்டும் ஊற்று. தொட்டிகளை ஒன்றோடொன்று உரசாமல் தள்ளி மாட்டு.

அடர்த்தியாக வளர, மூன்று ஜோடி இலை வந்ததும் ஒவ்வொரு நுனியையும் கிள்ளிவிடு. கடைசியாகக் கிள்ளியதிலிருந்து பூக்க எட்டுப் பத்து வாரம் ஆகும், அடுக்குப் பூவுக்கு இன்னும் கொஞ்சம் தாமதம். தீபாவளிக்குப் பூ வேண்டுமென்றால் ஆகஸ்டோடு கிள்ளுவதை நிறுத்திக்கொள்.

வெயில் தாங்கும் ரகம்தான் வேண்டும் என்பவர்கள் கார்டன்மைஸ்டர் பான்ஸ்டெட் கேட்டு வாங்குங்கள். கருஞ்சிவப்பு சாயலோடு இலை, நீளக் குழல் பூ. ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி 1703இல் ஃபியூஷியா என்று பெயரிட்டு எழுதியது கரீபியத் தீவுச் செடியை, இது அதன் வழி வந்தது. ஸ்விங்டைம் போலத் தழைந்து தொங்காது, ஆனால் கோடையில் கைவிடாது. என்னிடம் இருக்கிறது. தண்டு வெட்டித் தருகிறேன், ஈஸ்டருக்குப் பிறகு வாருங்கள், கப் மட்டும் நீங்களே கொண்டு வந்துவிடுங்கள்.