கிண்டி இ.இ.இ.யா, குரோம்பேட்டை இ.சி.இ.யா?

பருத்திக்காடு:

எல்லோருக்கும் வணக்கம். அருப்புக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். பொறியியல் கவுன்சலிங்குக்கு என் கட் ஆஃப் 194.5, பி.சி., வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். போன வருஷ நிலவரத்தை வைத்துப் பார்த்தால் கிண்டி பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணுவியல், தகவல் தொடர்பு) கிடைப்பது சந்தேகம், ஆனால் கிண்டியில் இ.இ.இ. (மின்னியல், மின்னணுவியல்) அல்லது குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) இ.சி.இ. கிடைத்துவிடும் என்று பள்ளியில் சார் சொல்கிறார். இரண்டுமே அண்ணா பல்கலைக்கழகம்தான், இரண்டும் சென்னைப் பக்கம்தான், அதனால்தான் குழப்பமே. அப்பாவுக்குக் கிண்டிதான் வேண்டும், "கிண்டி காலேஜ் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும், குரோம்பேட்டை என்றால் யாருக்குத் தெரியும்" என்கிறார். எனக்கு பிளஸ் டூ இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் ரொம்பப் பிடித்தது, குறைகடத்தி எலக்ட்ரானியலும் பிடித்தது. இரண்டு இடத்தையும் நேரில் பார்த்ததில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள், கல்லூரி, பிரிவு வரிசையை (சாய்ஸ்) போட நாள் நெருங்கிவிட்டது.

ஜி.எஸ்.டி. ரோடு:

தங்கச்சி, நான் எம்.ஐ.டி.யில் இ.சி.இ. முடித்தவள். முதலில் அப்பாவுக்கு இதைச் சொல்: எம்.ஐ.டி. 1949இல் ராஜம் என்பவர் தன் சொத்தைக் கொடுத்துத் தொடங்கிய கல்லூரி, அப்துல் கலாம் ஏரோநாட்டிக்கல் படித்தது அங்கேதான், எழுத்தாளர் சுஜாதா எலக்ட்ரானிக்ஸ் படித்ததும் அங்கேதான். 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது கிண்டி, ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), கட்டடக்கலைப் பள்ளி, எம்.ஐ.டி. நான்கையும் சேர்த்துத்தான் உருவாக்கினார்கள், அதனால் இது கிண்டியின் கிளை கிடையாது, தனக்கென்று ஒரு பழக்கமும் பெருமையும் உள்ள இடம். டிகிரியில் போடுவது அண்ணா பல்கலைக்கழகம் என்றுதான்.

வளாகம் கிண்டியைவிடச் சின்னது, அதனால் இரண்டாம் செமஸ்டருக்குள் பாதிப் பேரை முகம் பார்த்தே தெரியும், சீனியர் அக்காக்களிடம் கேட்க வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேட்டுக்கொள்ளலாம். கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி, நானும் அப்படி வந்தவள்தான். ஏரோநாட்டிக்கல் பிள்ளைகள் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) ட்ரோனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், அதில் போகிற ரேடியோ இணைப்பு, ஆன்டெனா வேலைக்கு இ.சி.இ. ஆட்களைத்தான் தேடி வருவார்கள். 2009இல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் போன அனுசாட் செயற்கைக்கோள் அண்ணா பல்கலைக்கழகம் செய்ததுதான். வெளியே வந்தால் ஜி.எஸ்.டி. ரோடு, பக்கத்திலேயே குரோம்பேட்டை ஸ்டேஷன், தாம்பரத்தில் இறங்கினால் உன் ஊர்ப் பக்கம் போகிற ரயில் கிடைக்கும். ஒரே குறை சத்தமும் தூசியும், ஜி.எஸ்.டி. ரோடு அப்படித்தான்.

சிவப்புக் கட்டடம்:

கிண்டி இ.இ.இ. நான். மேலே அக்கா சொன்னதில் எதையும் மறுக்கவில்லை, ஆனால் கேள்வியில் "கிண்டியா எம்.ஐ.டி.யா" என்பதைவிட "இ.இ.இ.யா இ.சி.இ.யா" என்பதுதான் பெரிய விஷயம், அதை யாரும் பேசவில்லையே. எம்.ஐ.டி.யில் இ.இ.இ. பிரிவே கிடையாது, அதனால் நீ கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பிரிவையும் தேர்ந்தெடுத்துவிடுகிறாய்.

சர்க்யூட், சிக்னல்ஸ், டிஜிட்டல், கண்ட்ரோல் எல்லாம் இரண்டிலும் வரும். அதற்கப்புறம் பாதை பிரியும். இ.இ.இ.யில் மெஷின்ஸ் லேபில் ஆளுயர ஸ்டார்ட்டர் பக்கத்தில் நின்று மோட்டாரை மெதுவாக வேகம் ஏற்றி, லோடு கொடுத்து, மீட்டர் முள் நகர்வதை ஒருத்தர் படிக்க ஒருத்தர் எழுத வேண்டும். டிரான்ஸ்பார்மர், மின்கடத்தல், பாதுகாப்பு ரிலே, பவர் எலக்ட்ரானிக்ஸ் என்று போகும், கிண்டியில் உயர் மின்னழுத்தத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. காற்றாலை, சோலார், எலக்ட்ரிக் வண்டி எல்லாம் இந்தப் பக்கம், மின்வாரியம், பவர்கிரிட், என்.டி.பி.சி. மாதிரி மின்துறை நிறுவனங்களில் வேலைக் கனவு இருந்தாலும் இதுதான். இ.சி.இ. என்றால் சிப் வடிவமைப்பு, ஆன்டெனா, தகவல் தொடர்பு. சாஃப்ட்வேர் வேலை என்றால் இரண்டிலிருந்தும் போகலாம்.

வளாகத்தைப் பற்றி: 1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி, மரமும் நிழலும் தாராளம், கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நடந்தே போய்விடலாம், அது எனக்கு நான்கு வருஷமும் இரண்டாவது வீடு. டெக்கோஃபெஸ், குருக்ஷேத்ரா மாதிரி விழாக்களில் பொறுப்பெடுத்தால் பேச்சுக் கூச்சம் போய்விடும். கேம்பஸ் வேலைவாய்ப்புக்காகக் கிண்டிதான் வேண்டும் என்று மட்டும் நினைக்காதே, பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு மையமான சி.யூ.ஐ.சி. எல்லா வளாகத்துக்கும் பொதுவாகத்தான் நடத்துகிறது.

கவுன்சலிங் அப்பா:

இரண்டு பிள்ளைகளுக்கு சாய்ஸ் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன் அம்மா. "இது கிடைக்கும், அது கிடைக்காது" என்று நீயே முடிவு செய்து கிண்டி இ.சி.இ.யை லிஸ்டிலிருந்து எடுத்துவிடாதே. எது முதலில் வேண்டுமோ அதை முதலில் போடு. மேலே போட்டது கிடைக்காவிட்டால் சாஃப்ட்வேர் அடுத்ததைப் பார்க்கும், அதனால் உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கல்லூரி எண் 1 கிண்டி, 4 எம்.ஐ.டி., லாக் செய்யும் முன் எண்ணையும் பிரிவையும் ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பார். எஸ்.எஸ். என்று போட்டிருந்தால் சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுக்கொண்டு மேல் நகர்வு கேட்கலாம், ஆனால் நீ வரிசையில் மேலே போட்டதற்குத்தான் நகர்த்துவார்கள், கீழே போட்டதற்கு வரவே வராது. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தாயா? அப்படியானால் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, கதையே மாறிவிடும்.

பருத்திக்காடு:

உதவிபெறும் பள்ளி ஐயா, அதனால் 7.5 வராது. முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிவிட்டேன். மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. கிண்டி இ.சி.இ. முதலில், அது சரி. இரண்டாவதாகத்தான் இன்னும் முடிவு வரவில்லை, மெஷின்ஸ் லேப் பற்றிப் படித்ததும் அந்தப் பக்கம் சாய்கிறது, அப்பாவுக்காக என்று இல்லை.

ஜி.எஸ்.டி. ரோடு:

அப்படியானால் இ.இ.இ.யையே இரண்டாவதாகப் போடு தங்கச்சி, நான் எம்.ஐ.டி.காரி என்பதற்காக இழுக்க மாட்டேன். ஆனால் அது கிடைத்துவிட்டால் மேல் நகர்வு கேட்டாலும் எம்.ஐ.டி.க்கு வர முடியாது, ஐயா சொன்னதுதான். முடிந்தால் லாக் செய்யும் முன் ஒரு நாள் அப்பாவோடு கிளம்பி வந்துவிடு. காலையில் தாம்பரத்தில் இறங்கினால் குரோம்பேட்டையை முடித்துவிட்டு அதே மின்சார ரயிலில் கிண்டி போய்விடலாம். நான் பல்லாவரத்தில்தான் இருக்கிறேன், உள்பெட்டியில் செய்தி அனுப்பு, கூட வருகிறேன்.