அரைமண்டியில் ஒரு பயணப்பெட்டி: புலம்பெயர்ந்த வாழ்வைப் பரதம் சொல்லுமா?

தட்டுக்கழி எழுதியது:

நாற்பது ஆண்டுகளாகச் சென்னையில், தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லி ஆடலை நடத்தும் நட்டுவாங்கம் செய்கிறேன். இந்த மார்கழியில் வெளிநாட்டிலிருந்து வந்த நான்கு இளம் கலைஞர்களின் சமகால ஆடலைப் பார்த்தேன். மூன்றில் பயணப்பெட்டி மேடைக்கு வந்தது. விமான நிலைய அறிவிப்பு ஒலிக்க, ஒரு பெண் புடவையை இழுத்துக்கொண்டு தரையில் உருண்டாள். வேர், அடையாளம், எல்லை என்றெல்லாம் நிகழ்ச்சிக் கையேடு சொன்னது. அவள் உடல் ஒன்றும் சொல்லவில்லை. அடவு என்னும் அடிப்படை அசைவில் சுத்தமில்லை, பார்வையில் ஊன்றுதல் இல்லை. பிரிவைச் சொல்ல நம்மிடம் வழியா இல்லை? அபிநயத்துக்கு உகந்த பாடல்களான க்ஷேத்ரக்ஞர் பதங்களில் காத்திருப்புக்கு எத்தனை நிறங்கள்! அதைக் கற்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது எனக்கு வலிக்கிறது.

நெய்தல் எழுதியது:

ஐயா, பெட்டி எனக்கும் சலித்துவிட்டது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நான் டொராண்டோவில் பிறந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணத்தார். 2009 வசந்தத்தில் எனக்குப் பதினொரு வயது. வகுப்பில் வர்ணம் என்ற நீண்ட உருப்படியைக் கற்றுக்கொண்டிருந்தேன். கண்ணன் வரவில்லையே என்று ஏங்க வேண்டும். வீட்டில், போர் நடந்த வன்னியிலிருந்து தொலைபேசி வரவில்லையே என்று அம்மா இரவெல்லாம் விழித்திருந்தாள். இரண்டு ஏக்கத்தையும் ஒரே வீட்டில் பார்த்தேன். வகுப்பில் ஒன்றுக்கு மட்டும்தான் முத்திரை இருந்தது. அம்மாவின் ஏக்கத்துக்கு இடம் தேடித்தான் என்னைப் போன்றவர்கள் தரையில் விழுகிறோம். எல்லாரும் நன்றாக விழுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இலண்டன் நடனக் கலைஞர் அக்ரம் கான் 2011இல் செய்த 'தேஷ்' படைப்பை நினைத்துப் பாருங்கள். மழித்த உச்சந்தலையில் ஒரு முகத்தை வரைந்து, தலையைக் கவிழ்த்து, வங்கதேசத்திலிருந்து இலண்டன் வந்து சமையல் வேலை செய்த தகப்பனாகவே மாறிவிடுகிறார். இதை எந்தப் பழைய உருப்படியில் தேடுவது?

தேம்ஸ்கரை எழுதியது:

பிள்ளை, உங்கள் அம்மாவின் நிலை எனக்குத் தெரியும். 83 கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டு வந்தவன் நான். இலண்டனில் என் இரண்டு மகள்மாருக்கும் அரங்கேற்றம் செய்தேன். சனிக்கிழமை காலையில் தமிழ், மாலையில் நடனம், பனி கொட்டினாலும் தவறியதில்லை. ஊர் போய்விட்டது, வீடு போய்விட்டது. பதம் பாடத் தெரிந்த பிள்ளை தமிழை மறக்கமாட்டாள் என்று நம்பினோம், அது பொய்க்கவுமில்லை. சென்னையில் இருப்பவர்கள் மரபை உடைத்துப் பார்க்கலாம். உடைந்தால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று இருக்கும். எங்களிடம் மிஞ்சியது இது ஒன்றுதான். இதையும் சமகாலம் என்று கரைத்துவிட்டால் என் பேத்திக்கு எதைக் காட்டுவேன்?

தட்டுக்கழி எழுதியது:

தேம்ஸ்கரை ஐயா சொல்வது நியாயம். அக்ரம் கான் விஷயத்திலும் ஒன்றை மறக்கக்கூடாது. சிறுவயதிலிருந்து பிரதாப் பவாரிடம் கதக் பயின்ற உடல் அது. தலை கவிழ்ந்தபோதும் காலில் லயம் நின்றது. சென்னை நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985இல் 'அங்கிகா'வில் களரியையும் யோகத்தையும் கொண்டுவந்தபோது எங்களில் பலர் முகம் சுளித்தோம். எனினும் அந்த அம்மையார் காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் கற்றவர், எதைக் கழிக்கிறோம் என்று தெரிந்து கழித்தார். இப்போது வருகிறவர்களுக்குக் கழிக்கக் கையில் என்ன இருக்கிறது?

சின்னமேளம் எழுதியது:

நான், கோயிலில் ஆடியும் இசைத்தும் வந்த இசைவேளாளர் வீட்டில் பிறந்தவள். பாட்டியின் தாயார் சதிர் ஆடியவர்; பரதத்தின் பழைய பெயர் அது. 'நம் மரபு' என்று இருதரப்பும் சொல்வதால் பேச வேண்டியிருக்கிறது.

பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுவதை 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. அதற்காகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் எங்களில் ஒருவரே. அந்த வழக்கம் ஒழிந்ததில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வழக்கத்தோடு ஆடலும் எங்கள் பெண்களின் கையைவிட்டுப் போயிற்று. எங்கள் மரபுக்கு வெளியிலிருந்து வந்த ருக்மிணி தேவி 1935இல் அடையாறில் மேடையேறியதை மறுமலர்ச்சி என்கிறீர்கள். எங்கள் வீட்டில் அந்த ஆண்டுகளைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். எங்கள் மரபில் வந்த பாலசரஸ்வதி போல் சிலர் நின்றார்கள். மற்றவர்கள் சலங்கையைப் பரணில் போட்டார்கள்.

கடல் கடந்ததும் இன்று நேற்றல்ல. 1838இல் திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகள் சிலர் பாரிசுக்குப் போய் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற பெண்ணைப் பற்றிப் பிரெஞ்சு எழுத்தாளர் தெயோஃபீல் கோத்தியே வியந்து எழுதினார். அவள் என்ன நினைத்தாள் என்பதை யாரும் எழுதவில்லை. இலண்டன் நடன அமைப்பாளர் ஷோபனா ஜெயசிங் 2015இல் அந்தப் பயணத்தை எடுத்துப் படைப்பு செய்தார். புலம்பெயர்ந்த வாழ்வை ஆட விரும்பும் பிள்ளைகள் தங்கள் பெட்டியைத் திறக்குமுன் அம்மணியின் பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்கட்டும். 'ஈராயிரம் ஆண்டுக் கோயிற்கலை' என்று கையேட்டில் அச்சடித்துவிட்டு, அதைக் காத்தவர்கள் யார் என்ற ஒரு வரியை விட்டுவிடுவதும் உடைப்புத்தான், தேம்ஸ்கரை ஐயா. மார்க்கம் என்னும் மரபான நிகழ்ச்சி வரிசையைத் தூய்மையாக ஆடும்போதும் அந்த உடைப்பு நடக்கிறது.

தேம்ஸ்கரை எழுதியது:

என் மகள்மாரின் அரங்கேற்ற அழைப்பிதழில் அந்த வரி இல்லை, அம்மா. இதைப் படித்தபின் எடுத்துப் பார்த்தேன். மார்க்கத்தை வகுத்த தஞ்சை நால்வர் பெயர் இருக்கிறது, ஆடிய பெண்கள் ஒருவர் பெயரும் இல்லை. ஆனாலும் மார்க்கத்தைக் கைவிட மாட்டேன்.

நெய்தல் எழுதியது:

சின்னமேளம் அக்கா, எனக்கும் வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

தட்டுக்கழி ஐயாவுக்கு இன்னொன்று. பெட்டி மேடைக்கு வருவதற்கு நாங்கள் மட்டும் காரணமல்ல. போன ஆண்டு சுத்த நிருத்தமாக, கதையே இல்லாமல் ஒன்று செய்து நிதியுதவி கேட்டேன். 'இதில் உங்கள் கதை எங்கே?' என்று ஒரு நடுவர் கேட்டார். வெள்ளைக்காரப் பெண் வடிவத்தை மட்டும் ஆடலாம்; நான் ஆடினால் புலம்பெயர்வைச் சொல்லியாக வேண்டும்! 1988இல் ஷோபனா ஜெயசிங் ஆங்கில இசையமைப்பாளர் மைக்கேல் நைமனின் நரம்பிசைக்குப் பரத அடவுகளை அமைத்தபோது அதில் பெட்டியும் இல்லை, அழுகையும் இல்லை. அந்தச் சுதந்திரமும் எனக்கு வேண்டும். சொல்ல விரும்பும்போது அம்மாவின் கதையைச் சொல்லும் சுதந்திரமும் வேண்டும்.

இப்போது ஒரு பதம் செய்கிறேன். அம்மா, தொலைபேசி, அந்த இரவுகள். முழுக்க அபிநயம், தரையில் உருளவில்லை.

தட்டுக்கழி எழுதியது:

நடுவர் கேட்டது அநியாயம். பதம் என்கிறீர்களே, நாயகி யாரிடம் பேசுகிறாள்? பதத்தில் சகி, அதாவது தோழி, வேண்டுமே. உங்கள் அம்மாவுக்குச் சகி யார்?

நெய்தல் எழுதியது:

யாருமில்லை ஐயா. அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

தட்டுக்கழி எழுதியது:

அப்படியென்றால் சகியை எடுத்துவிடாதீர்கள். வழக்கம்போல் அவள் நிற்கும் பக்கம் பார்வையைக் கொண்டுபோங்கள், கையை நீட்டி அழையுங்கள். நட்டுவனார் ஒரு முழு ஆவர்த்தம், ஒரு தாளச் சுற்று, சும்மா இருக்கட்டும். பிறகு திரும்பித் தொலைபேசியைப் பாருங்கள். இதைச் சமகாலம் என்று நான் சொல்லமாட்டேன், நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். என்ன தாளம் வைத்திருக்கிறீர்கள்?

நெய்தல் எழுதியது:

ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு.

தட்டுக்கழி எழுதியது:

வேகம் இன்னும் தாழட்டும். பதிவு செய்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.