பிளேட்லெட்டுக்கு எந்தப் பெயர்: தட்டணுவா, உறைதட்டா?

பாலக்கோட்டிலிருந்து, உயிரியல் ஆசிரியர்:

அன்பர்களுக்கு வணக்கம்.

பிளேட்லெட்டுக்குத் தமிழில் பெயர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெயர்கள் மிகுந்துவிட்டதுதான் தொல்லை. பாடநூலில் இரத்தத் தட்டுகள், நாளிதழில் தட்டணுக்கள், ஈழத்து வழக்கில் குருதிச் சிறுதட்டுகள். மழைக்காலத்தில் டெங்கு தலைகாட்டினால் தருமபுரியில் படித்தவர், படிக்காதவர் எல்லோர் வாயிலும் பிளேட்லெட். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடலாம் என்பது என் கருத்து.

பெயருக்கு முன் பொருளைப் பார்ப்போம். எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற மிகப் பெரிய செல் இருக்கிறது. அது தன் உடலை நீள நீளமாக இழுத்து, பக்கத்து இரத்தக் குழாய்க்குள் நீட்டுகிறது. அந்த நீட்சிகள் ஆயிரக்கணக்கான துண்டுகளாக உதிர்கின்றன. அந்த உதிரிகள்தாம் பிளேட்லெட். குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர். ஆயுள் 7 முதல் 10 நாள். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. கரு கிடையாது.

இத்தாலியரான ஜூலியோ பிட்சோசெரோ 1882-இல் இவற்றை விரிவாக விவரித்து, சிறு தட்டு என்று பொருள்படும் பெயரை வைத்தார். இவை மெகாகேரியோசைட்டிலிருந்து பிறக்கின்றன என்று ஜேம்ஸ் ஹோமர் ரைட் காட்டியது 1906-இல். ஆக, பிறப்பு தெரிவதற்கு முன்பே உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் இது. அந்த உருவமும் சும்மா இருக்கும்போது மட்டும்தான். குழாயின் உட்சுவர் கிழிந்தால் அடியில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளியே தெரிகிறது. வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம் அங்கே ஒட்டிக்கொண்டு, ஓடும் பிளேட்லெட்டைப் பிடித்து நிறுத்துகிறது. நின்ற மறுகணம் தட்டு வடிவம் போய்விடுகிறது. நாலாபுறமும் முட்கள் முளைக்கின்றன. தன்னுள் இருக்கும் வேதிப்பொருள்களைக் கொட்டி மற்றவற்றை அழைக்கிறது. ஃபைப்ரினோஜன் என்ற இரத்தப் புரதம் இடையில் நின்று ஒன்றோடொன்றைக் கோக்கிறது. வேலை செய்யும் நேரத்தில் தட்டாகவே இல்லாத ஒன்றை வெறுமனே தட்டு என்பானேன்? முழுச் செல்லும் அல்ல என்பதால் அணுவும் வேண்டாம். இரத்தம் உறைய உதவும் செயலையும் சேர்த்து “உறைதட்டு” என்று சொல்லலாம்.

*

கிருஷ்ணகிரியிலிருந்து, ஆய்வக நுட்புநர்:

ஐயா, வணக்கம். உறைதட்டு எனக்கு ஒப்பவில்லை. எங்கள் மேசையில் உறை என்றால் கையுறை. ஊரில் உறை என்றால் தயிருக்கு ஊற்றுவது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பொருளே இடிக்கிறது. ஹீமோபிலியா என்ற, இரத்தம் சரியாக உறையாத பிறவி நோய் உள்ள பிள்ளைகளுக்குப் பிளேட்லெட் எண்ணிக்கை பொதுவாக முழுதாகவே இருக்கும். ஆனாலும் பட்ட காயத்தில் இரத்தம் நிற்காது, ஏனென்றால் அவர்களுக்குக் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் உள்ள எட்டாவது அல்லது ஒன்பதாவது உறைதல் காரணி என்ற புரதம். ஏரிக்கரை உடைந்தால் முதலில் முள்ளும் வைக்கோலும் மணல் மூட்டையும் திணித்து வாயை அடைப்பார்கள்; மண் கொட்டி இறுக்குவது பிறகுதான். பிளேட்லெட் செய்வது அந்த முதல் திணிப்பு. இறுக்குவது ஃபைப்ரின் என்ற புரத இழைகளின் வலை. அதற்கான புரதங்களைத் தருவது பெரும்பாலும் கல்லீரல். அவற்றுள் சிலவற்றுக்கு வைட்டமின் கே வேண்டும், கால்சியமும் வேண்டும். அந்த வினைகள் பிளேட்லெட்டின் மேற்பரப்பில்தான் நடக்கின்றன என்பது உண்மை. இடம் கொடுத்தவருக்கே மொத்தப் பெயரையும் கொடுத்துவிட முடியுமா?

நான் கேட்பது வேறு. முன்னால் நிற்கும் “இரத்த” என்ற சொல்லை முதலில் எடுங்கள். “இரத்தத் தட்டுகள் குறைவு” என்று சொன்னால் கேட்பவர் காதில் விழுவது “இரத்தம் குறைவு” மட்டுமே. உடனே மாதுளையும் பீட்ரூட்டும் வாங்க ஓடுகிறார்கள். அந்தக் கவலை ஹீமோகுளோபின் குறைவுக்கு உரியது. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. டெங்குவில் எண்ணிக்கையைவிடப் பெரிய ஆபத்து குழாய்ச் சுவரிலிருந்து பிளாஸ்மா கசிவது. அதுவும் காய்ச்சல் விடும் நேரத்தில். பெயர் அதையெல்லாம் சொல்லிவிடாதுதான். குழப்பாமலாவது இருக்க வேண்டும்.

“தட்டணு” என்பது ஏற்கெனவே மக்கள் நாக்கில் ஏறிவிட்டது. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என்று ஒரே வரிசையில் அறிக்கையில் அச்சிடலாம். கரு இல்லாததற்கு அணு என்று சொல்லக் கூடாது என்றால் சிவப்பணுவையும் அல்லவா மாற்ற வேண்டும்? அதற்கும் கரு கிடையாதே.

இன்னொரு சொல்லும் எனக்கு அவசரமாக வேண்டும். ஊதா மூடிக் குழாயில் எடுக்கும் இரத்தத்தில் சிலருடைய தட்டணுக்கள், அதிலுள்ள வேதிப்பொருள் காரணமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இயந்திரம் ஒட்டிக்கிடப்பவற்றை எண்ணாமல் விட்டு மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டை இழுத்து, லீஷ்மன் சாயமிட்டுப் பார்த்தால் ஓரத்தில் ஊதா நிறப் பொடிகள் திட்டுத் திட்டாகக் கிடக்கும். நோயாளிக்கு ஒரு குறையும் இருக்காது. சிட்ரேட் என்ற வேறு வேதிப்பொருள் உள்ள குழாயில் மறுபடி எடுத்தால் பெரும்பாலும் எண்ணிக்கை சரியாகிவிடும். இதை “தட்டணுக் கொத்து” என்று எழுதலாமா? காயத்தில் உருவாகும் அந்த முதல் திணிப்புக்கு “தட்டணு அடைப்பான்” என்று வைத்துக்கொள்ளலாம்.

*

அரூரிலிருந்து, கால்நடை மருத்துவர்:

கொத்து நல்ல சொல். அடைப்பான் மட்டும் வேண்டவே வேண்டாம், அம்மா. எங்கள் பக்கத்தில் அடைப்பான் என்றால் மாட்டைச் சாய்க்கும் ஆந்த்ராக்ஸ். பாடப்புத்தகத்தில் “காயத்தில் அடைப்பான் உருவாகிறது” என்று படித்தால் ஆடு மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை என்ன நினைக்கும்?

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு செய்தி. துண்டு என்பது பாலூட்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். கோழி இரத்தத்தை எடுத்துப் பாருங்கள்: இந்த வேலையைச் செய்வது கருவுள்ள முழுச் செல். மீனுக்கும் தவளைக்கும் அப்படியே. அதை த்ராம்போசைட் என்கிறோம். மனித மருத்துவத்தில் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். எங்களுக்கு அது சரிப்படாது. நீங்கள் கைவிடுகிற “உறை”யை எனக்குக் கொடுங்கள். கோழிக்கு “உறையணு” என்று வைத்துக்கொள்கிறேன்.

*

பாலக்கோட்டிலிருந்து:

சகோதரி சொன்ன ஹீமோபிலியா எடுத்துக்காட்டுக்குப் பின் உறைதட்டுக்காக வாதாடுவதில் பயனில்லை. தட்டணு இருக்கட்டும். கோழிக்கு உறையணு, ஆட்சேபம் இல்லை.

ஆனால் கரு இல்லாததை ஒரு சிறு விவரம் என்று தள்ளிவிட வேண்டாம். ஆஸ்பிரின் தட்டணுவில் உள்ள ஒரு நொதியை நிரந்தரமாக முடக்குகிறது. கரு இருந்தால் புதிய நொதியைத் தயாரித்துக்கொள்ளும். இதற்கு அந்த வழியில்லை. சாகும்வரை முடங்கியே கிடக்கும். அறுவை சிகிச்சைக்குப் பல நாள் முன்பே ஆஸ்பிரினைப் பற்றி மருத்துவர் விசாரிப்பது இதனால்தான். பெயரில் இடமில்லாவிட்டாலும் விளக்கத்தில் “கருவற்ற செல்துண்டு” என்பது கட்டாயம் வர வேண்டும்.

அடைப்பானுக்குப் பதில் “தக்கை” எப்படி? தட்டணுத் தக்கை. வெறும் “அடைப்பு” என்றால் மாரடைப்புப் பயம் வந்துவிடுகிறது. பதிவுக்கு என் வரைவு:

தட்டணு: எலும்பு மஜ்ஜையின் மெகாகேரியோசைட்டிலிருந்து உதிரும், வட்ட வடிவமான, கருவற்ற செல்துண்டு, இரத்தக் குழாய் கிழிந்த இடத்தில் ஒட்டித் தக்கையாகத் திரண்டு இரத்தப்போக்கைத் தடுப்பது.

*

கிருஷ்ணகிரியிலிருந்து:

தக்கை சரி. “வட்ட வடிவமான” என்பதை “ஓய்வில் தட்டு வடிவில் இருக்கும்” என்று மாற்றுங்கள். முள் முளைத்த பிறகும் அது தட்டணுதானே. “ஒட்டி” என்பதற்குப் பின் ஒரு காற்புள்ளியும் போட்டுவிடுங்கள் ஐயா.