பேஸ் கிட்டாருக்கு 5 வாட் டியூப் ஆம்ப் ப்ரீஆம்பா: சிக்னலை எங்கிருந்து எடுக்கிறது?

நாலுகம்பி:
ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட்டில் கட்டின ஆம்ப் ஒண்ணு இருக்கு. ப்ரீஆம்ப் டியூபா ஒரு 12ஏஎக்ஸ்7, பவர் டியூபா ஒரு 6வி6, 8 ஓம் 8 இன்ச் ஸ்பீக்கர். பேஸை இதில் போட்டா வர்ற கரகரப்பு நல்லாயிருக்கு, ஆனா டிரம்ஸ் முன்னாடி எடுபடல. பெரிய டிரான்சிஸ்டர் பேஸ் ஆம்பின் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் (அதோட ப்ரீஆம்பைத் தாண்டி நேரா பவர் பகுதிக்குப் போற ஜாக்) இதைக் கொடுக்கணும். ஸ்பீக்கரைக் கழற்றிட்டு அதே ஜாக்கிலிருந்து ஒரு கேபிள் இழுத்தா போதுமா? இன்னொண்ணு, வால்யூமைப் பாதிக்கு மேல ஏத்தினா கீழ் ஈ கம்பி மட்டும் புர்ர்னு உடையுது. டியூப் போச்சா?

ஓம்விதி:
ஸ்பீக்கரைக் கழற்றவே கழற்றாதீங்க. டிரான்சிஸ்டர் ஆம்ப் லோடு (சக்தியை வாங்கிக்கிற ஸ்பீக்கர் மாதிரி ஒண்ணு) இல்லாம சும்மா ஓடும், டியூப் ஆம்ப் ஓடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் சேர்கிற சக்தி ஸ்பீக்கர் வழியா வடியணும். வடிகால் இல்லைன்னா பிரைமரியில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனைத் துளைக்கும், இல்லைன்னா டியூப் சாக்கெட்டில் பின்னுக்குப் பின் பொறி பாயும். ரிட்டர்னோட 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் எல்லாம் லோடே இல்ல. ஜாக் காலியா கிடக்கிற மாதிரிதான். டிஐ பாக்ஸும் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்தித் தர்ற பெட்டி) அப்படியே, இதில்தான் நிறைய பேர் ஏமாறுவாங்க.

ஸ்பீக்கர் இருக்கட்டும், அது பக்கத்திலேயே எடுங்க. 5 வாட், 8 ஓம்னா ஸ்பீக்கர் முனையில் சுமார் 6.3 வோல்ட். ரிட்டர்னுக்கு 1 வோல்ட் தாராளம். ஸ்பீக்கர் பிளஸ்ஸிலிருந்து 4.7 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டர், அதோட மறுமுனை 1 கிலோ ஓம் பாட்டின் (வால்யூம் மாதிரி திருகுற ரெசிஸ்டர்) ஒரு ஓரக் காலுக்கு. பாட்டின் இன்னொரு ஓரக் கால் ஸ்பீக்கர் மைனஸுக்கு. நடுக்கால்தான் லைன் அவுட். முழுசாத் திறந்தா 1.1 வோல்ட் கிடைக்கும்.

பாட்டின் இரண்டு ஓரக் கால்களுக்கும் குறுக்கே 0.047 மைக்ரோஃபாரட் ஒண்ணு சால்டர் பண்ணிடுங்க. 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல இருக்கிற கொசுச் சத்தம் அடங்கும். 8 இன்ச் ஸ்பீக்கர் அதைத் தானாவே விழுங்கிடும், லைன் அவுட் விழுங்காது. கேபினெட்டில் ட்வீட்டர் இருந்தா காதைக் கீறும்.

ஸ்பீக்கர் சத்தமே வேண்டாம்னா 8 ஓம் 50 வாட் அலுமினிய உறை ரெசிஸ்டரை லோடா வைங்க. 5 வாட்டுக்கு எதுக்கு 50ன்னு கேட்கலாம். ஆம்ப் சத்தம் முழுசா உடையும்போது வாட் 5ஐத் தாண்டும். அதோட ரெசிஸ்டர் மேல போட்டிருக்கிற வாட் கணக்கு, ஹீட் சிங்க்கில் திருகி இறுக்கினா மட்டும்தான் செல்லும்.

ஹம்வேட்டை:
மேலே சொன்ன மாதிரி செஞ்சதும் 50 ஹெர்ட்ஸ் ஹம் (மின்சார ரீங்காரம்) வரும், தயாரா இருங்க. 5எஃப்1இல் ஸ்பீக்கர் மைனஸ் சேஸிஸோட சேர்ந்தது. ரெண்டு ஆம்பும் தனித்தனியா எர்த் ஆகி, நடுவில் கேபிள் ஷீல்டும் இணைஞ்சா கிரவுண்ட் லூப் உருவாயிடும். எர்த் பின்னை மட்டும் வெட்டிடாதீங்க, ஆளையே அடிக்கும். லைன் அவுட்டுக்கும் ரிட்டர்னுக்கும் நடுவில் 1:1 ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, ரெண்டு பக்க ஷீல்டையும் ஒண்ணோட ஒண்ணு சேர்க்காம விடுங்க. டெலிஃபோன் வகை 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினா பேஸில் அடிச்சத்தமே இருக்காது. 20 ஹெர்ட்ஸ் வரைக்கும் தாங்குற ஆடியோ வகையா பாருங்க.

இரும்புக்கோர்:
டியூப் போகல சார். கிட்டார் ஈ 82 ஹெர்ட்ஸ், பேஸ் ஈ 41. அதே வோல்டேஜில் ஃப்ரீக்வென்சி பாதியானா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கோரில் காந்தப் பாய்ச்சல் ரெண்டு மடங்கு. போதாததுக்கு இது சிங்கிள் எண்டட், ஒரே பவர் டியூப்தான். 6வி6இன் டிசி கரன்ட் எப்பவும் ஒரே பக்கமா ஓடி கோரில் பாதி இடத்தைப் பிடிச்சிருக்கும். கிட்டாருக்குன்னு சுத்தின குட்டி டிரான்ஸ்ஃபார்மர் அதுக்கு மேல தாங்காது. 8 இன்ச் கோனும் அந்த நேரம் எல்லை மீறி ஆடும். ஸ்பீக்கரை மாத்தியோ டியூபை மாத்தியோ புண்ணியமில்ல.

ரெண்டு வழி. முதல் வழி, ஆம்புக்குப் போற சிக்னலில் வரிசையா ஒரு 0.0022 மைக்ரோஃபாரட். உள்ளே 1 மெக் ஓம் இருக்கிறதால 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையும். அடிச்சத்தத்தைத் தனியா சுத்தமா எடுத்துச் சேர்த்துக்கலாம்: பேஸை டிஐ பாக்ஸில் கொடுங்க, த்ரூ ஜாக்கிலிருந்து (உள்ளே வந்ததை அப்படியே வெளியே விடுற ஜாக்) கெபாசிட்டர் வழியா டியூப் ஆம்புக்கு, எக்ஸ்எல்ஆர் மிக்சருக்கு, கிரவுண்ட் லிஃப்ட் (கேபிள் கிரவுண்டைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) போட்டு. லைன் அவுட்டையும் அதே மிக்சரில் விட்டு, மிக்சர் அவுட்டை ரிட்டர்னுக்குக் கொடுங்க.

ரெண்டாவது வழி, டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னாடியே எடுக்கிறது. 12ஏஎக்ஸ்7இன் ரெண்டாவது பிளேட்டிலிருந்து 6வி6 கிரிட்டுக்குப் போற 0.022 கெபாசிட்டர் இருக்கே, அதோட கிரிட் பக்கம் சுமார் 13 வோல்ட் சிக்னல் இருக்கும். 470 கிலோ ஓம், 47 கிலோ ஓம் போட்டு 1.2 வோல்ட்டா இறக்கி, டிஎல்072 ஐசியில் பஃபர் ஒண்ணு வைங்க. பஃபர் இல்லாம நேரா ரிட்டர்னில் கொடுத்தா பாதிக்கு மேல விழுந்துடும். 6வி6இன் கரகரப்பு இதில் வராது, ப்ரீஆம்ப் கரகரப்பு மட்டும்தான். இங்கேயும் ஸ்பீக்கர் மாட்டியே இருக்கணும், 6வி6 ஓடிக்கிட்டுதானே இருக்கு. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல. பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் நிற்கும். 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் இறக்கி, மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுக் கை வைங்க.

நாலுகம்பி:
முதல் வழியில் கட்டியாச்சு, ஹம் இல்ல. ஆனா மிக்சரில் ரெண்டையும் சேர்த்தா தனித்தனியா இருந்ததைவிட மெலிஞ்சு கேட்குது.

இரும்புக்கோர்:
ஃபேஸ் தலைகீழா இருக்கு. 5எஃப்1இல் ஸ்பீக்கரிலிருந்து 22 கிலோ ஓம் வழியா 12ஏஎக்ஸ்7இன் ரெண்டாவது டிரையோடின் (அந்த டியூபின் ரெண்டாவது பாதி) கேத்தோடுக்கு ஃபீட்பேக் போகுது. அது நெகட்டிவ் ஃபீட்பேக்கா வேலை செய்யணும்னா ஸ்பீக்கர் சிக்னல் அந்த டிரையோடின் கிரிட்டோட ஒத்துப்போகணும். அந்த கிரிட்டோ இன்புட்டுக்குத் தலைகீழ். மிக்சரில் ஃபேஸ் பட்டன் இருந்தா அமுக்குங்க. இல்லைன்னா ஹம்வேட்டை சொன்ன ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி வயர் ரெண்டையும் இடம் மாத்துங்க. அதுக்குப் பிறகும் 100 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குழி இருந்தா அது 0.0022இன் வேலை, 0.001 போட்டுக் கேட்டுப் பாருங்க.