மறு: 'குறைப்பு' வேண்டாம், 'சார்த்தல்' சரிவருமா?

வணக்கம் அண்ணா,

ஒரு கணக்கு கணினிக்கு எவ்வளவு கடினம் என்று ஆராயும் துறைக்கு நீங்கள் போட்ட தமிழ்ச் சொற்பட்டியலில் 'கீழ்வரம்பு', 'பல்லுறுப்பு நேரம்' இரண்டும் சரி. 'ரிடக்ஷன்' (இரண்டாவதைத் தீர்த்தால் முதலாவதும் தீரும்படி ஒரு கணக்கை இன்னொன்றாக்குவது) என்பதற்குக் 'குறைப்பு' என்று போட்டிருப்பதில்தான் எனக்குத் தகராறு.

சிங்கப்பூர் ஈசூனில் சில பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இதைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். தேர்வு அட்டவணை போடுவது கடினம் என்று நிறுவ வேண்டும். மூன்றே வேளைதான், ஒரே மாணவர் எழுதும் இரண்டு தேர்வுகள் ஒரே வேளையில் வரக்கூடாது. 'குறைப்பு' என்றதும் பிள்ளைகள் அட்டவணையைக் கோட்டுரு வண்ணமிடலாக (கோட்டால் இணைந்த இரு புள்ளிகளுக்கு ஒரே வண்ணம் வராமல் மூன்று வண்ணங்களில் தீட்டும் கணக்கு) மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். கடினமானதைக் குறைத்து எளிதாக்கு என்றுதானே அந்தச் சொல் காதில் விழுகிறது! வேண்டியது நேர் எதிர்த்திசை. மூன்று வண்ணக் கணக்கு கடினம் என்பது ஏற்கெனவே நிறுவப்பட்டது. அதைத்தான் அட்டவணைக் கணக்காக்க வேண்டும்: புள்ளிக்கு ஒரு தேர்வு, இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு அவ்விரு தேர்வுகளையும் எழுதும் ஒரு மாணவர். அட்டவணையை விரைவாகப் போடத் தெரிந்துவிட்டால் வண்ணமிடலும் விரைவாக முடிந்துவிடும். ஆகவே அட்டவணை அதைவிட எளிதாக இருக்க வழியில்லை.

'சார்த்தல்' என்று வைக்கலாமா? ஏணியைச் சுவரில் சார்த்துகிறோமே, அதே சொல். "வண்ணமிடலை அட்டவணையில் சார்த்து" என்றால் எது எதைத் தாங்குகிறது என்பது வேற்றுமை உருபிலேயே தெரிந்துவிடுகிறது. 1971இல் கணினியியலாளர் ஸ்டீபன் குக் காட்டியதையும் "என்பி வகுப்பின் எல்லாக் கணக்குகளையும் நிறைவுறுத்தல் கணக்கில் சார்த்தலாம்" என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். (என்பி வகுப்பு என்பது விடையைக் கொடுத்தால் விரைவாகச் சரிபார்க்க முடிகிற கணக்குகள்; நிறைவுறுத்தல் என்பது ஒரு தர்க்க வாய்பாட்டை மெய்யாக்கும் மதிப்புகள் உண்டா என்ற கணக்கு.) அடுத்த ஆண்டு ரிச்சர்டு கார்ப் 21 கணக்குகளை வரிசையாகச் சார்த்திக் காட்டினார். 'உருமாற்றம்' என்று ஒருவர் சொன்னார். அதை 'ஃபூரியே உருமாற்றம்' என்ற வேறொரு கணித முறைக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம்.

'என்பி-கடினம்' (என்பி வகுப்பின் எந்தக் கணக்கைவிடவும் எளிதல்லாதது) என்ற சொல் அப்படியே இருக்கட்டும். அந்தப் பெயருக்கே பெரிய வாக்கெடுப்பு நடந்திருக்கிறது. கணினியியலாளர் டொனால்டு குனூத் முன்வைத்த மூன்று சொற்களும் தோற்று, மற்றவர்கள் எழுதி அனுப்பியதே வென்றது என்று 1974இல் அவரே எழுதினார். அந்த வாக்கெடுப்புக்கு ஷென் லின் அனுப்பிய 'பெட்' (PET) என்ற சுருக்கம் இன்னும் வேடிக்கை. இப்போதைக்கு அதன் விரிவு 'அநேகமாக அடுக்கேற்ற நேரம்' (கணக்கின் அளவு கூடக்கூட மடங்கு மடங்காகப் பெருகும் நேரம்). அப்படித்தான் என்று நிறுவிவிட்டால் 'அநேகமாக' என்பது 'நிறுவப்பட்ட' ஆகும், பொய்யாகிவிட்டால் 'முன்னாள்' ஆகும். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே முதலெழுத்து!

ஒரு சிக்கல் உண்டு. பேச்சில் இது 'சாத்து' ஆகிவிடும், 'கணக்கைச் சாத்து' என்றால் வகுப்பு சிரிக்கும். சிரித்தாலும் திசை மாறாதே. வேறு தடை யாருக்காவது தென்பட்டால் சொல்லுங்கள். இல்லையென்றால் பட்டியலில் மாற்றிவிடுங்கள் அண்ணா.